அஞ்சலை வீட்டு ஒரு நிமிஷம்

போன வாரம் ஒரு படத்தின் டைரக்டர் எங்கள் டப்பிங் தியேட்டருக்கு வந்து, "ஏம்மா, கிராமத்து மத்தியானம் ஒண்ணு இருந்தா குடேன்" என்று கேட்டார். "ஆடு, மாடு, குருவி, ஆள் பேச்சு எதுவும் வேணாம். சும்மா இருக்கணும். ஆனா சும்மா இருக்கறது கேக்கணும்."

அவர் கேட்டதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. எங்கள் தொழிலில் தினம் கேட்கிற சாமான்தான் அது. மழை, கூட்டம், ரயில் போல வெறும் பகலையும் நாடாவில் பிடித்து, பெட்டியில் போட்டு, பெயர் எழுதி வைத்திருப்போம். இரும்பு அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில், நானே போட்டு வைத்த அந்துருண்டை வாசனைக்கு நடுவே, ஒரு சின்ன அட்டைப்பெட்டி. மேலே பச்சை மையில் என் கையெழுத்து: "அஞ்சலை வீட்டு வாசல். பகல் பதினொன்றரை. ஆள் பேச்சு இல்லை. ஒரு நிமிஷம்."

அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேறு பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அரியலூர் வெயிலுக்குப் பதில் தஞ்சாவூர் வெயில். அவருக்குத் தெரியவா போகிறது? "பிரமாதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்களுக்கு மட்டும் அந்த அட்டைப்பெட்டியின் கதையைச் சொல்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால், கலர் டி.வி. வந்த புதிதில், நான் ஒலிப்பதிவில் மூன்று வருட டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். போகிற ஸ்டூடியோவில் எல்லாம் டைப்பிங் தெரியுமா என்று கேட்டார்கள். அப்போது சேகர் வந்தான். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவன். எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இருந்ததால் இன்றுவரை 'ன்' விகுதிதான். ஒரு டைரக்டரின் வாழ்க்கையையும் படங்களையும் பற்றி டாகுமெண்டரி எடுக்க டி.வி. ஆபீஸில் சம்மதம் வாங்கியிருந்தான். "கேமராவை நான் பாத்துக்கறேன், சவுண்டுக்கு நீ வா. கொஞ்சமா குடுப்பேன், நிறைய வேலை வாங்குவேன்" என்றான். இரண்டும் உண்மையாகவே இருந்தது.

அந்த டைரக்டரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் என்னைக் கட்டிக்கொள்வீர்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். அப்படிப்பட்ட மனுஷர். ஆறே படம்தான் எடுத்தார். ஆறுக்கும் தகராறு. நாங்கள் எல்லோரும் அவரை 'சார்' என்போம். எங்களுக்குள் பேசும்போது 'டைரக்டர்'. அவர் அரியலூர்ப் பக்கத்துக்காரர். கல்லங்குறிச்சியைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். காணி நிலம் இல்லாத கூலிக் குடும்பம். அங்கிருந்து ரயிலேறிப் போய்ப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டு, முதல் படத்திலேயே சொந்த ஊரைக் காட்டினார். கூடவே சொந்த அக்காவையும்.

கதை ஒன்றும் பெரிதில்லை. கல்யாணமாகி நாலு வருடம் பிள்ளை இல்லை என்று ஒரு புருஷன், பெண்டாட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அவள் பிறந்த ஊர்க் கிணற்றடியில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். ஊர் நின்று வேடிக்கை பார்க்கிறது. அந்தப் பெண் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். படத்தில் அந்த அழுகை ரொம்ப நேரம் வரும். வெளியூரில் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் பேச்சு வராமல் வெளியே வந்தார்கள். தமிழில் இப்படி ஒரு காட்சி வந்ததில்லை என்று சிலர் எழுதினார்கள். அக்காவின் கண்ணீரை டிக்கெட் போட்டு விற்றுவிட்டான் என்று சிலர் எழுதினார்கள். அரியலூரில் இரண்டாவது ஆட்டத்திலேயே திரையைக் கிழித்துவிட்டார்கள். படப்பெட்டி அடுத்த பஸ்ஸில் திருச்சிக்குத் திரும்பிப் போய்விட்டது. அன்றையிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. நாங்கள் போனபோது அதற்குப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

சேகருக்கு வேண்டியது அந்த அக்கா. அவர் பேசினால் டாகுமெண்டரி எழுந்து நிற்கும், இல்லாவிட்டால் நாலு பேர் புகழ்ந்து பேசுகிற படமாகப் போய்விடும் என்றான். டைரக்டருக்கும் அதுதான் வேண்டியிருந்தது, வேறு காரணத்துக்காக. அவருக்கு நெஞ்சு நோய். மாத்திரைகளை ஒரு பழைய பிலிம் டப்பாவில் போட்டு, நடக்கும்போது கலகலவென்று சத்தம் வர, சட்டைப்பையில் வைத்திருப்பார். எனக்கு அது பெரிய தலைவலி. பேட்டி எடுக்கும்போதெல்லாம், "சார், டப்பாவை மட்டும்…" என்று கையை நீட்டுவேன். "உசுரையே குடுக்கச் சொல்றியேம்மா" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்.

தங்கியது பெரம்பலூரில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். அதன் கீழ்த்தளத்தில் சின்ன வெங்காய மூட்டை அடுக்கியிருப்பார்கள். படிக்கட்டு, தலையணை, குடிதண்ணீர் எல்லாமே வெங்காயம் மணக்கும். நான் கொண்டுபோன கருவிப்பையை இன்றைக்கும் முகர்ந்து பார்த்தால் எங்கோ ஒரு மூலையில் அது இருக்கிறது. காலையில் வேன் கிளம்பும் முன் பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். ரெக்கார்டர், மைக், மைக் கட்டுகிற கம்பு, ஹெட்போன், நாடா ஆறு, டார்ச் செல் பன்னிரண்டு, அதற்கு மாற்றாகப் பன்னிரண்டு, கேமராவின் சத்தம் வராமல் மேலே போர்த்தக் கம்பளி ஒன்று, ஸ்டாப் வாட்ச், பச்சை மை. வேன் டிரைவர் மாணிக்கம் அண்ணன் தினமும் கேட்பார்: "ஏம்மா, சாமி புறப்பாடு முடிஞ்சுதா? வண்டி எடுக்கலாமா?"

அந்த இருபது நாளில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே எத்தனை தடவை போய்வந்தோம் என்று கணக்கில்லை. சாலையோரத்தில் கருப்பு மண்ணில் பருத்தி. அரியலூர் நெருங்க நெருங்க மரங்கள் வெளுத்துப்போகும். இலை மேலெல்லாம் கல் தூசி. குவாரியில் வெடி வைக்கும் நேரத்தை ஒரு தாளில் எழுதி ரெக்கார்டர் மூடியில் ஒட்டிவைத்திருந்தேன். வெடிக்கு முன்னால் சங்கு ஊதுவார்கள். சங்கு கேட்டதும் எல்லோருக்கும் முன்னால் நான் ஹெட்போனைக் கழற்றுவேன். காதுதானே என் பிழைப்பு.

கடைத்தெருவில் நிறையப் பேரிடம் பேசினோம். எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தார்கள்: "படம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா…" அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் அவரவர் கோபம். கூலிக்காரச் சாதிப் பையனுக்கு வாய் நீண்டுவிட்டது என்று ஒருவர். நின்று வேடிக்கை பார்த்தோம் என்று காட்டிவிட்டான், எங்க அப்பாதானே அவங்களுக்குக் கஞ்சி ஊத்தினாரு என்று ஒருவர். ஒரு பெட்டிக்கடைக்காரர், பெரிய மீசை, கேமராவைப் பார்த்துத் தைரியமாகச் சொன்னார்.

"திரையைக் கிழிச்சதுல நானும் ஒருத்தன் சார். போட்டுக்குங்க. ஆனா ஒண்ணு, டிக்கெட் வாங்கித்தான் உள்ள போனேன். ஓசியில போயிக் கிழிக்கல."

டைரக்டர் வேனுக்குள் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டு, தொப்பை குலுங்கச் சிரித்தார். "அந்த ஆளு பேச்சை வெட்டிடாத சேகர். என்னைய விட ஒழுங்கானவன்" என்றார்.

அவரை வைத்துப் படம் எடுப்பது பெரும் பாடு. தன்னைப் பற்றிய படத்தைத் தானே டைரக்ட் செய்வார். "மூஞ்சில பாதி இருட்டா விழுது பாரு. கெட்டவன்னு காட்டணும்னா அப்படியே எழுதிப் போட்டுடு, வெளக்க ஏன் நகர்த்துற?" என்பார். "என்னைப் பத்திப் படம் எடுக்கறீங்களா, கருமாதி பண்றீங்களா?" என்பார். ஆனால் கிணற்றடிக் காட்சியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கிண்டல் இல்லை. சேகர் கேட்டான், அது நடந்ததா, நீங்களாகச் சேர்த்ததா என்று. "ஒவ்வொரு சொட்டும் நெஜம்" என்றார். "நான் பாத்தேன். எனக்கு அப்ப பதினோரு வயசு. குடும்ப மானத்தைத் தெருவுல வச்சிட்டேன்னு அக்காவுக்குக் கோவம். நாயந்தான். ஒரு தடவை அது வாயால திட்டிடுச்சுன்னா எனக்குப் போதும்."

சேகர் இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போய் வெறுங்கையோடு வந்தான். மூன்றாவது தடவை என்னை அனுப்பினான். பெண்ணைப் பார்த்தால் பேசுவார்களாம். கருவி எதுவும் இல்லாமல், நோட்டோடு மட்டும் போனேன்.

ஓட்டு வீடு. முன்னால் சாணம் தெளித்த வாசல், தள்ளி ஒற்றை முருங்கை. அஞ்சலை அம்மா வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். இருபது வருடம் குவாரியில் கல் உடைத்த கை. விரல் நுனிகள் எல்லாம் தட்டையாக இருந்தன. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அந்தப் பொட்டிக்காரப் பொண்ணா? பேச்சைப் புடிக்கிற பொட்டி?"

"ஆமாங்கம்மா."

"படம் புடிக்கிறவன் வேணாம். பேச்சு வேணா புடிச்சுக்க. பேச்சுல மூஞ்சி தெரியாதுல்ல?"

"தெரியாதுங்க."

"இன்னொண்ணு. நான் சொல்றது அவன் காதுல விழக் கூடாது. அவன் உசுரோட இருக்கற மட்டும். அதுக்கப்புறம் ஊருக்கே தமுக்கடி."

"எழுதித் தரட்டுமாம்மா?" என்றேன். என் புத்தி அது.

அவர் சிரித்துவிட்டார். "எனக்கு எழுத்து தெரிஞ்சா நான் ஏன் கல்லு ஒடைக்கப் போறேன் பாப்பா? நீ வாயால சொல்லு, போதும்."

சொன்னேன்.

மறுநாள் காலை கருவிகளோடு போனோம். டைரக்டரும் வேனில் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். "ஊர் முனையில நிறுத்திடு. எறங்க மாட்டேன்" என்று மாணிக்கம் அண்ணனிடம் சத்தியம் செய்தார். அப்படியே வேனை ஊருக்கு வெளியே நிறுத்தி, அவரை வேனுக்குள்ளேயே விட்டுவிட்டு, நானும் சேகரும் மட்டும் நடந்தோம். கேமராவும் வேனிலேயே இருந்தது. அஞ்சலை அம்மா சேகரைப் பார்த்து, "நீ அந்தப் பக்கம் போயி நில்லுப்பா, மரத்துக்கிட்ட" என்றார். அவன் பேச்சு எட்டாத தூரத்தில் போய் முருங்கைக்குக் கீழே நின்றான். அவர் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. ஓடு நொறுங்குகிற சத்தம் மைக்கில் பட்டாசு மாதிரி விழுந்தது.

"அம்மா, கொஞ்ச நேரம் அதை வச்சிடறீங்களா?"

"கை சும்மா இருந்தா வாய் வராது பாப்பா."

சரி என்று விட்டுவிட்டேன். பேசினார். நான் எதிர்பார்த்துப் போனது வேறு, கேட்டது வேறு.

"வண்டிய திருப்பிக்கிட்டு அந்த ஆளு போயிட்டாரு. நான் அழுவல பாப்பா. எதுக்கு அழுவணும்? அந்த வூட்டுல இருந்ததுக்கு இது தேவலைன்னுதான் இருந்துச்சு. பொட்டியத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டு விறுவிறுன்னு வூட்டுக்கு நடந்தேன். இவந்தான் அழுதான். 'மாமா, மாமா'ன்னு வண்டிக்குப் பின்னாலயே ஓடுறான், மூக்கு ஒழுவிக்கிட்டு. நான் போயிக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். அன்னைக்கு அழுதது பூரா அவன் அழுவை. அத எடுத்து என் மூஞ்சில ஒட்டிட்டான்."

"படம் பாத்தீங்களாம்மா?"

"பாக்காம? குரும்பலூர்ல ஒரு கல்யாணம்னு ஊருல சொல்லிட்டு பெரம்பலூர் கொட்டாயில போயிப் பாத்தேன். கால் மணி நேரம் அழுவுறா அந்தப் பொண்ணு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, பக்கத்துல இருந்தவ மொறைக்கிறா. அதுக்கப்புறம் கல்லு ஒடைக்கப் போனா எல்லாரும் 'பாவம்'ங்கறாங்க. நானா பாவம்? அவன் பள்ளிக்கூடம் போனது யாரு ஒடைச்ச கல்லுல?"

"இதை அவர்கிட்டச் சொல்லலாமேம்மா. அவர் வேற என்னமோ நெனைச்சுக்கிட்டிருக்கார்."

"நான் சொல்லித் தெரியக் கூடாது. அவனுக்கே தெரியணும். அவன் கண்ணு முன்னால நடந்ததுதான?"

அதற்கு மேல் கேட்க எனக்குத் தெரியவில்லை. முடித்துக்கொண்டேன். இப்போது என் தொழிலின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கே பேச்சைப் பதிவு செய்தாலும், கிளம்பும் முன் அந்த இடத்தின் சும்மா இருக்கும் சத்தத்தை ஒரு நிமிஷம் தனியாகப் பிடிக்க வேண்டும். பின்னால் பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழுகிற இடைவெளியை அதை வைத்துத்தான் அடைப்போம். வெறும் நாடாவை வைத்தால் காதில் குழி விழுந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு இடத்தின் மௌனமும் வேறு வேறு. ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஒட்ட முடியாது. அந்த ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. நான் கையைத் தூக்கினால் ஆரம்பம், இறக்கினால் முடிவு.

இதை அஞ்சலை அம்மாவிடம் விளக்கினேன். "ஒண்ணுமில்லாததைப் புடிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, உரிக்க எடுத்த ஒரு கடலையை விரல் நடுவிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். சேகரும் மரத்தடியில் சிலையானான். கையைத் தூக்கினேன்.

ஹெட்போனில் முதலில் ஓட்டின் மேல் காய்ந்த சருகு உரசுவது வந்தது. தூரத்தில் கல் அரைக்கிற மெஷின். பிறகு செருப்பு இழுபடுகிற சத்தம், நாலைந்து அடி, நின்றது. கூடவே ஒரு டப்பாவின் கலகல, மெதுவாக. எனக்கு எரிச்சல் வந்தது. மறுபடி ஆரம்பிக்க வேண்டுமோ என்று யோசித்தேன். நிமிர்ந்து பார்த்தேன்.

வாசல் வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் டைரக்டர் நின்றிருந்தார். வேனில் இருக்க முடியாமல் இறங்கி நடந்து வந்திருக்கிறார். என் தூக்கிய கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அவரும் தொழில்காரர் அல்லவா? சட்டைப்பையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். அஞ்சலை அம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போகவில்லை. 'ஏன்டா வந்த' என்று கேட்கவில்லை. பேசக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேனே. பதினெட்டு வருடம் கழித்து இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் முதலில் பேச வேண்டிய கட்டாயமே இல்லாமல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டாப் வாட்சைப் பார்த்தேன். முள் அறுபதைத் தொட்டதும் கையை இறக்கினேன்.

"முடிஞ்சுது. இனிமே பேசலாம்" என்றேன்.

பேசலாம் என்று ஒருத்தி சொன்ன பிறகு யாரால் பேச முடியும்? அஞ்சலை அம்மாவின் விரலில் அந்தக் கடலை நொறுங்கியது. பருப்பை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தார்.

"முடிஞ்சுதுன்னா கெளம்புங்க பாப்பா. வெயில் ஏறுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதவைச் சாத்தவில்லை. அதை நான் வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன். அவர் சாத்தவில்லை, இவரும் படலைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தார்.

வேனில் ஏறினோம். சேகர் மட்டும், "கேமராவை வண்டியில வச்சிட்டு வந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டான். அரியலூர் தாண்டியதும் டைரக்டர் என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு நேரம்மா புடிச்ச?"

"ஒரு நிமிஷம் சார்."

"ஒரு நிமிஷம்னு யாரு சொன்னா?"

"கிளாஸ்ல அப்படித்தான் சார் சொல்லிக்குடுத்தாங்க."

"என் படத்துல எல்லாம் மூணு நிமிஷம் புடிப்பாங்க" என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு அதைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டேன். பெரம்பலூர் வரும்வரை திரும்பத் திரும்பச் சுற்றிப் போடச் சொல்லி, ஒன்றுமில்லாத அந்த ஒரு நிமிஷத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். லாட்ஜ் வாசலில் இறங்கும்போதுதான் கேட்டார், "அக்கா பேசினது?"

"அது முடியாது சார். வாக்குக் குடுத்திருக்கேன்."

செட்டில் கோபம் வந்தால் நாற்காலியைத் தூக்கி எறிவார் என்று கேள்விப்பட்டிருந்த மனுஷர், "சரி" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

சென்னைக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம் எடிட்டிங் ரூமுக்கு வந்தார். சேகர் இல்லை. இரண்டு படி ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. திட்டுச்சா?"

"இல்ல சார்."

"அழுதுச்சா?"

சொல்லக்கூடாது என்று தெரியும். ஆனால் வாய் சொல்லிவிட்டது. "இல்ல சார்."

அவர் கொஞ்ச நேரம் சுவரில் தொங்கிய பிலிம் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அழுவாது" என்றார் மெதுவாக. "அக்கா எங்க அழுவும்…" வேறு எதையோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் காத்திருந்தேன். நானாக எதுவும் சொல்லவில்லை. எழுந்து, டப்பா கலகலக்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த மாதமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு நான் தனியாக பஸ்ஸில் அரியலூர் போனேன். வாக்கின் காலம் முடிந்தது, இனி அந்தப் பேச்சைப் படத்தில் சேர்க்கலாமா என்று கேட்கத்தான் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அஞ்சலை அம்மா தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொன்னார். அழவில்லை.

"கேட்டானா?"

"இல்லம்மா. நீங்க சொன்னபடி, காதுல விழவே விடலை." பிறகு எடிட்டிங் ரூமில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அழுதுச்சா என்று கேட்டதை, நான் இல்லை என்றதை, 'அக்கா எங்க அழுவும்' என்று அவர் சொன்னதை.

அஞ்சலை அம்மா என்னையே பார்த்தார்.

"அதோட வுட்டுட்டியா?"

"ஆமாம்மா."

"பாதி தெரிஞ்சிருக்கே பாப்பா அவனுக்கு. இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா எந்திரிச்சு ஓடியாந்திருப்பானே."

"நீங்கதானேம்மா…"

"நான் சொன்னேன்தான்" என்றார். "நான் சொன்னேன், நீ கேட்ட. நல்ல பொண்ணு."

அதில் கோபம் இருந்ததா, மெச்சுதல் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒருவேளை அவர் தன்னையே சொல்லிக்கொண்டிருக்கலாம். பேச்சைப் படத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "போட்டுக்க, இனிமே யாருக்கு என்ன" என்று சொல்லிவிட்டு, ஒரு துணியில் நிலக்கடலை முடிந்து கையில் கொடுத்தார். அரியலூர் ஸ்டாண்டில் பஸ்ஸுக்காக நின்றபோது அதில் ஒன்றை உடைத்தேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகு இன்னொன்றை உடைக்க முடியவில்லை.

டாகுமெண்டரி வந்தது. இருபத்திரண்டு நிமிஷம். செத்துப்போனவரைப் பற்றித் தகராறு வேண்டாம் என்று ஆபீஸில் அக்காவின் பேச்சையும் மீசைக்காரர் பேச்சையும் எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் போட்டார்கள், எங்கள் தெருவில் அப்போது கரண்ட் இல்லை. நாடாக்களை எல்லாம் நான்தான் எண்ணி, பட்டியல் போட்டு, அந்த ஆபீஸில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். யாருக்கும் வேண்டாத அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் வெட்டி என்னிடம் வைத்துக்கொண்டேன். மற்ற நாடாக்களை வழக்கப்படி அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்திவிட்டார்கள். தப்பென்று சொல்ல முடியாது. நாடா விலை அப்படி.

சேகர் பம்பாய்க்குப் போய்விட்டான். பெரம்பலூர் லாட்ஜை இடித்துத் துணிக்கடை கட்டியிருக்கிறார்கள். அந்த ஊரைக் குவாரி எடுத்துக்கொண்டது. அஞ்சலை அம்மா அதைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார் என்று மாணிக்கம் அண்ணன் ஒரு கார்டு போட்டிருந்தார். வீடு இருந்த இடம், வாசல், கிணறு எல்லாம் இப்போது ஐம்பதடிப் பள்ளத்தின் மேல் வெறும் காற்று.

அவர் சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. மைக்குக்கும் அவருக்கும் நடுவே இரண்டடி. ஓடு நொறுங்கும்போது ரெக்கார்டர் மீட்டரில் ஊசி எதுவரை துள்ளியது, அதற்காக நான் ஒலியை எவ்வளவு குறைத்தேன், எந்த இடத்தில் நாடா மாற்றினேன், எல்லாம் சொல்ல முடியும். ஆனால் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறேன். வார்த்தைகள் வருகின்றன, ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாம் என் குரலில்தான் வருகின்றன.